ஹார்வெஸ்ட் எல்லாம் அறுவடை அல்ல

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உடலிலிருந்து சிறுநீரகங்களையும் கல்லீரலையும் எடுத்து வேறு நோயாளிகளுக்குப் பொருத்தியதைப் பற்றிய ஓர் ஆங்கிலச் செய்தி, தமிழாக்கத்தில் 'உறுப்புகள் அறுவடை செய்யப்பட்டன' என்று வந்து நின்றதை நான் ஒருமுறை திருத்த நேர்ந்தது. மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்க்காமல் எழுதியவர் அல்லர். மூலத்தில் இருந்த வினைச்சொல் 'ஹார்வெஸ்ட்'; அகராதியில் அதற்கு நேரே முதலில் நிற்பது 'அறுவடை'. இருந்தும், உறவினரை இழந்த துயரத்திலும் தானத்துக்கு ஒப்புக்கொண்ட ஒரு குடும்பத்தின் முன்னால் அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்ட யாருக்கும் மனம் வராது. அகராதி சொன்னது சரியாக இருக்க, வாக்கியம் மட்டும் எப்படித் தவறிப்போனது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த வினைச்சொல் எங்கிருந்து வந்தது, என்னென்ன பொருள்களில் வழங்குகிறது, அதன் அருகில் நிற்கும் மற்றச் சொற்கள் எவை என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அடிப்படை வேறுபாடு ஒன்றைச் சொல்லிவிடலாம். 'அறுவடை' என்ற சொல்லின் தொடக்கத்திலேயே 'அறு' என்ற வினை உட்கார்ந்திருக்கிறது. வெட்டுவதும் துண்டாக்குவதும் அதன் பிறவிக் குணம். 'ஹார்வெஸ்ட்' என்ற சொல்லிலோ வெட்டும் இல்லை, அரிவாளும் இல்லை. அது பருவம் ஒன்றின் பெயராகப் பிறந்த சொல்.

பழைய ஆங்கிலத்தில் 'ஹேர்ஃபெஸ்ட்' என்று வழங்கிய அந்தச் சொல்லுக்கு இலையுதிர்காலம் என்பதே பொருள். அதன் உடன்பிறப்புகள் இன்றும் அதே பொருளில் உயிரோடு இருக்கின்றன: ஜெர்மானியர் இலையுதிர்காலத்தை 'ஹெர்ப்ஸ்ட்' என்றும், டச்சுக்காரர் 'ஹெர்ஃப்ஸ்ட்' என்றும் அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் பிரெஞ்சு வழியாக 'ஆட்டம்' என்ற லத்தீன் மூலச் சொல் வந்து பருவத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்கர்கள் இன்று சொல்லும் 'ஃபால்' என்பதும் பின்னால் வந்து சேர்ந்தது. இடம் பறிபோன பழைய சொல், அந்தப் பருவத்தில் நடக்கும் வேலையையும் அந்த வேலையால் வீடு வந்து சேரும் விளைச்சலையும் குறிக்கத் தொடங்கியது. வினைச்சொல்லாக அது வழங்கத் தொடங்கியது ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டை ஒட்டித்தான். பருவத்தின் பெயர் பயிருக்கு மாறுவது நமக்குப் புதிதன்று. 'கார்' என்பது மழைக்காலத்தின் பெயர். அந்தப் பெயரைத்தான் நெல்லுக்கும் வைத்திருக்கிறோம். 'போகம்' என்ற ஒரே சொல் சாகுபடிப் பருவத்தையும் விளைச்சலையும் சேர்த்துச் சொல்கிறது.

இன்னும் பின்னால் போனால், மொழியியலாளர்கள் இந்தச் சொல்லை 'பறி', 'கொய்' என்ற பொருளுள்ள மிகப் பழைய வேர் ஒன்றோடு இணைக்கிறார்கள். பழம் என்ற பொருளில் கிரேக்கர் வழங்கிய 'கார்பொஸ்', பறித்தல் என்ற பொருளில் ரோமானியர் வழங்கிய 'கார்ப்பெரே' ஆகியவை அதே வேரிலிருந்து கிளைத்தவை. 'கார்பே டியெம்' என்ற லத்தீன் தொடரைச் சட்டைகளில் அச்சிட்டு விற்கிறார்கள். 'இந்த நாளைப் பற்றிக்கொள்' என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது 'இன்றைய நாளைப் பறித்துக்கொள்' என்பதுதான்: பழுத்த கனியை மரத்திலிருந்து பறிப்பதைப் போல.

பருவத்தின் வாசனை இன்றும் அந்தச் சொல்லை விட்டுப் போகவில்லை என்பதற்கு 'ஹார்வெஸ்ட் மூன்' நல்ல சான்று. பகலும் இரவும் சமமாக இருக்கும் செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் தேதிக்கு மிக அருகில் வரும் முழுநிலவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. நிலவு பொதுவாக ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். ஆனால் பிரிட்டனைப் போன்ற வடபுல நாடுகளில் அந்தச் சில நாள்களில் மட்டும் தாமதம் வெகுவாகக் குறைந்துவிடுவதால், அடுத்தடுத்த பல மாலைகளில் சூரியன் மறைந்த கையோடு நிலவு வந்துவிடுகிறது. விளக்கில்லாத காலத்தில் வயலில் வேலை நீடிக்க அந்த வெளிச்சம் உதவியது. இதனை 'அறுவடை நிலவு' என்று தமிழில் எழுதுவதில் தவறேதும் இல்லை. அதேபோல, கார்ன்வால் பகுதியில் மார்வென்ஸ்டோ என்ற ஊரின் பாதிரியார் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் 1843-ல் தம் தேவாலயத்தில் நடத்திய நன்றி வழிபாட்டிலிருந்து பரவியதாகச் சொல்லப்படும் 'ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல்' என்பதையும் அறுவடைத் திருநாள் என்றே சொல்லலாம். பொங்கலை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தும்போது நாம் இந்தத் தொடரைத்தான் கடன் வாங்குகிறோம்.

இலக்கணத்தில் சிக்கல் எதுவும் இல்லை. பெயராகவும் வினையாகவும் ஒரே வடிவத்தில் வழங்கும்; இறந்தகாலத்துக்கு 'ஹார்வெஸ்டட்'. கோதுமையையும் ஹார்வெஸ்ட் செய்யலாம், கோதுமை நின்ற வயலையும் ஹார்வெஸ்ட் செய்யலாம். தொடக்க நிலையில் இருப்பவர்கள் தடுமாறுவது வினையில் அன்று, பெயரில்தான். 'க்ராப்', 'ஹார்வெஸ்ட்', 'யீல்ட்' ஆகிய மூன்றும் தமிழில் 'விளைச்சல்' என்றே வந்துவிடுகின்றன. வயலில் நிற்கும்போது அது க்ராப். அந்த ஆண்டு மொத்தமாகக் கைக்கு வந்தது ஹார்வெஸ்ட். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கணக்குப் பார்க்கும்போது அது யீல்ட். முதலாவதைப் பயிர் என்றும், இரண்டாவதை விளைச்சல் என்றும், மூன்றாவதை மகசூல் என்றும் எழுதினால் குழப்பம் தீரும். மகசூல் அரபியிலிருந்து வந்த சொல் என்றாலும், கிடைத்த பயன் என்ற அதன் மூலப்பொருள் இந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துவதால் அதை விலக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

இனி இணைச்சொற்கள். 'அறுவடை' என்ற தமிழ்ச் சொல்லுக்கு உண்மையிலேயே நேர் நிற்கும் ஆங்கில வினை 'ரீப்'. ஹார்வெஸ்ட் வினையாவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த பழைய சொல் அது. அரிவாளால் தானியக் கதிரை அறுப்பது என்பதுதான் அதன் முதற்பொருள். ஆப்பிளை யாரும் ரீப் செய்வதில்லை, உருளைக்கிழங்கையும் செய்வதில்லை. சைரஸ் மெக்கார்மிக் 1831-ல் வர்ஜீனியாவில் ஓட்டிக் காட்டி 1834-ல் காப்புரிமை பெற்ற குதிரை இழுக்கும் இயந்திரத்துக்கு 'ரீப்பர்' என்று பெயர் வந்ததும், அது கதிரை அறுப்பதை மட்டுமே செய்ததால்தான். பின்னர் அறுப்பது, கதிரடிப்பது, பதர் நீக்குவது ஆகிய மூன்றையும் ஒன்றாக்கிய இயந்திரம் வந்தபோது அதற்கு 'கம்பைன் ஹார்வெஸ்டர்' என்று பெயரிட்டார்கள். கம்பைன் என்றால் சேர்த்தல். களத்துமேட்டில் கட்டடித்து, முறத்தால் தூற்றி, மரக்காலால் அளந்த வேலையெல்லாம் இன்று காவிரிப் படுகையில் 'பெல்ட் மிஷின்' வந்து போகும் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அந்த மூன்று வேலைகளுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனியே ரீப், த்ரெஷ், வின்னோ என்ற சொற்கள் உண்டு. ஹார்வெஸ்ட் இவை எல்லாவற்றுக்கும் மேலே விரித்த குடை.

இன்றைய ஆங்கிலத்தில் ரீப் வயலைவிட்டு ஏறக்குறைய வெளியேறிவிட்டது. அது இப்போது பெரும்பாலும் வினைப்பயனைப் பற்றிப் பேசும் இடங்களில் வாழ்கிறது. 'மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்' என்ற விவிலிய வசனத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பில் வரும் சொல் ரீப். 'காற்றை விதைத்து, சூறைக்காற்றை அறுப்பார்கள்' என்ற இடத்திலும் அதுவே. நம்முடைய 'வினை விதைத்தவன் வினை அறுப்பான், தினை விதைத்தவன் தினை அறுப்பான்' என்ற பழமொழியை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவர்கள் ரீப் என்றே எழுத வேண்டும். அங்கே ஹார்வெஸ்ட் என்று போட்டால் இலக்கணப் பிழை ஆகாது, ஆனால் கேட்பவர் காதில் பழமொழி பழமொழியாக விழாது. நல்ல பயனுக்கும் தீய பயனுக்கும் ரீப் பொது. கருப்பு அங்கி அணிந்து நீண்ட கைப்பிடி அரிவாளோடு வரும் சாவின் உருவத்தை 'ரீப்பர்' என்று மேலை நாட்டார் அழைப்பதும் இந்தச் சொல்லில் வெட்டு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதைக் காட்டும்.

அடுத்த சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் 'க்ளீன்' என்று வந்து, துப்புரவைக் குறிக்கும் சொல்லோடு மயங்கும். இது வேறு, ஆங்கிலத்தில் ஜி என்ற எழுத்தில் தொடங்குவது. அறுப்பு முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்குவது என்பது அதன் பொருள். எனக்கு இந்த வரிசையிலேயே மிகவும் பிடித்த சொல் இதுதான், ஏனென்றால் ஏழைகளின் வரலாறு முழுவதும் இதற்குள் இருக்கிறது. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமலும் சிந்திய கதிரைப் பொறுக்காமலும் எளியவர்களுக்கும் அந்நியர்களுக்கும் விட்டுவிட வேண்டும் என்று விவிலியத்தின் லேவியராகமம் விதிக்கிறது; விதவையான ரூத் போவாசின் வயலில் கதிர் பொறுக்கிய கதை அந்த வழக்கத்தின் மேல் நிற்பது. இங்கிலாந்திலும் ஏழைப் பெண்களும் குழந்தைகளும் பல நூற்றாண்டுகள் இப்படிப் பொறுக்கிச் சேர்த்த தானியத்தை நம்பியிருந்தார்கள். 1788-ல் ஸ்டீல் எதிர் ஹௌட்டன் என்ற வழக்கில், அப்படிப் பொறுக்குவது பொதுச் சட்டப்படி யாருக்கும் உரிமை ஆகாது என்று அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857-ல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் குனிந்து நிற்கும் மூன்று பெண்கள் செய்துகொண்டிருப்பதும் இதைத்தான்.

இன்று இந்த வினை பெரும்பாலும் செய்திகளோடு சேர்ந்தே வருகிறது. பல ஆவணங்களிலிருந்து, பலருடைய பேச்சிலிருந்து துளித்துளியாகத் தகவல் சேர்ப்பதை இப்படிச் சொல்வார்கள். 'திரட்டினார்' என்று மொழிபெயர்த்தால் பாதிப் பொருள்தான் வரும். சிரமப்பட்டு, சிறுகச் சிறுக, மற்றவர்கள் விட்டுப்போனதிலிருந்து என்ற நிறம் வேண்டுமென்றால் 'அங்கங்கே பொறுக்கிச் சேர்த்தார்' என்பதே நெருங்கி வரும். வடமொழியில் இதே வேலைக்கு 'உஞ்சம்' என்று பெயர். அந்தச் சொல் தமிழுக்கு 'உஞ்சவிருத்தி' என்ற வடிவில் வந்து, வயலை விட்டு வீதிக்கு இறங்கி, பாடிக்கொண்டே வீடுவீடாக அரிசி பெறும் பாகவதர்களின் வழக்கத்தைக் குறிக்கலாயிற்று. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையின்போது அந்த ஊர்வலத்தை இன்றும் காணலாம்.

'கார்னர்' என்ற வினையும் எழுத்தில் மயக்கம் தருவதுதான்; மூலை என்ற பொருளுள்ள சொல் அன்று. தானியக் களஞ்சியத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. களஞ்சியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தல் என்பது அதன் பழம்பொருள். இப்போது ஆதரவு, பாராட்டு, வாக்கு ஆகியவற்றைப் பெறுவதற்கே வழங்குகிறது. 'மோ' என்பது புல்லையும் உலர்தீவனத்துக்கான பயிரையும் அறுப்பதற்கு. 'கேதர்' என்பது சேர்த்தல் என்ற பொதுச்சொல்.

'க்ராப்' பெயராக வயல்காட்டில் நின்றாலும், வினையாகும்போது நுனியைக் கத்தரித்துக் குட்டையாக்குவதைக் குறிக்கும். செல்பேசியில் படத்தின் ஓரத்தை வெட்டும்போது நாம் தொடுவது இந்தச் சொல்லைத்தான். நம் தாத்தாக்கள் குடுமியை எடுத்துவிட்டு வைத்துக்கொண்ட 'கிராப்பு' இந்தச் சொல் நம் ஊருக்கு முன்பே வந்திறங்கியதற்கு அடையாளம்.

பயிருக்கேற்ப வினை மாறுவதை ஆங்கிலமும் அறியும். பருத்தியையும் ஆப்பிளையும் 'பிக்' செய்வார்கள். தேயிலையை 'ப்ளக்' செய்வார்கள். கரும்பை 'கட்', உருளைக்கிழங்கை 'லிஃப்ட்' அல்லது 'டிக்', ரப்பர் மரத்தை 'டேப்'. எது தெரியாவிட்டாலும் ஹார்வெஸ்ட் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்தக் குடைச்சொல்லின் வசதி. தமிழில் அந்த வசதி குறைவு, செல்வம் அதிகம். நெல்லை அறுக்கிறோம், கடலையைப் பிடுங்குகிறோம், பருத்தியை எடுக்கிறோம், மக்காச்சோளத்தை ஒடிக்கிறோம், வாழைத்தாரையும் கரும்பையும் வெட்டுகிறோம், மிளகாயைப் பறிக்கிறோம், வெற்றிலையைக் கிள்ளுகிறோம், புளியை உலுக்குகிறோம், கிழங்கைத் தோண்டுகிறோம். இலங்கையில் நெல்லறுப்பை 'அரிவு வெட்டு' என்றும், அதை அடுத்துக் கதிரடிப்பதைச் 'சூடு அடித்தல்' என்றும் சொல்வார்கள். அங்குள்ள மலையகத்தில் தேயிலை என்று கூடச் சொல்லாமல் 'கொழுந்து பறித்தல்' என்பார்கள். வேளாண்மைக் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் 'தேங்காய் அறுவடை', 'மல்லிகை அறுவடை' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். துறைசார்ந்த நூல்களில் பொதுத்தலைப்பாக அது பொறுத்துக்கொள்ளக் கூடியது. ஆனால் அதே நூலின் உள்ளே, தோட்டக்காரருக்குச் சொல்லும் அறிவுரையில், 'மொட்டு விரியும் முன் மல்லிகையை அறுவடை செய்யவும்' என்று எழுதுவதைவிட 'மொட்டு விரியும் முன் பறித்துவிடுங்கள்' என்று எழுதினால், படிப்பவர் கை தானாகச் செடியை நோக்கிப் போகும்.

இப்போது வயலுக்கு வெளியே வரலாம். அகராதி கைவிடுவது அங்கேதான். பருவத்தின் பெயராகப் பிறந்து, காலம் கனிந்தபோது விளைந்ததைச் சேர்த்துக்கொள்வது என்று பொருள் விரிந்ததால், ஹார்வெஸ்ட் என்ற வினை வெட்டே இல்லாத இடங்களுக்கும் எளிதாகப் போய்விடுகிறது. கூரையில் விழும் மழையைச் சேர்ப்பது ஹார்வெஸ்ட். தமிழ்நாடு அரசு 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியபோது 'மழைநீர் சேகரிப்பு' என்ற தொடர் வீட்டுக்கு வீடு பரவியது. 'மழை அறுவடை' என்றும் சிலர் எழுதுகிறார்கள், ஆனால் மக்கள் வாயில் நின்றது சேகரிப்புதான். தண்ணீரை அறுக்க முடியாது என்று மொழிக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

கணினித் துறையில் இதே வினை சற்று இருண்டு வருகிறது. இணையத்தில் கிடக்கும் மின்னஞ்சல் முகவரிகளையும் பயனர் விவரங்களையும் நிரல் வைத்து மொத்தமாக வாரிக்கொள்வதை ஹார்வெஸ்ட் என்பார்கள். 2018-ல் கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் வெளிவந்து, 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலானோரின் விவரங்கள் முறையின்றிப் பகிரப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் சொன்னபோது, ஆங்கில இதழ்கள் திரும்பத் திரும்பக் கையாண்டது இந்த வினைதான். அங்கே 'சேகரிப்பு' என்று எழுதினால் குற்றத்தின் சுவடே தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் சேகரிப்புதானே. சொந்தக்காரருக்குத் தெரியாமல் நடந்தது என்ற பொருள் வேண்டுமென்றால் 'விவரங்களை வாரிச் சுருட்டியது' என்பதே நேர்மையான தமிழாக்கம். பங்குச் சந்தையில் நட்டத்தில் இருக்கும் பங்குகளை வேண்டுமென்றே விற்று, அந்த நட்டத்தைக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்வதற்கும் ஹார்வெஸ்ட் என்று பெயர் உண்டு. அதை மொழிபெயர்க்க முயல்வதைவிட விளக்கி எழுதுவதே படிப்பவருக்கு உதவும்.

அமெரிக்காவின் வனவிலங்குத் துறைகள், வேட்டைப் பருவத்தில் கொல்லப்பட்ட மான்களின் எண்ணிக்கையை மான் 'ஹார்வெஸ்ட்' என்று அறிக்கைகளில் குறிக்கும். கொலையைக் கொலை என்று சொல்லாமல் பயிர்த்தொழிலின் போர்வையைப் போர்த்துவது இது. தமிழில் இதை 'வேட்டையாடப்பட்ட மான்கள்' என்று எழுதினால் மொழிபெயர்ப்பாளர் மூலத்தைத் திருத்திவிட்டதாகச் சிலர் குறைசொல்லக்கூடும். இருந்தாலும் நான் அப்படித்தான் எழுதுவேன், ஏனென்றால் அந்தப் போர்வை ஆங்கில வாசகருக்குப் பழகியது, நமக்குப் பழகாதது.

உடலுறுப்புக்கு வருவோம். மருத்துவ ஆங்கிலத்தில் ஹார்வெஸ்ட் நெடுங்காலம் கூச்சமின்றி வழங்கிய சொல். ஆனால் உயிரிழந்தவரைப் பயிராகக் காட்டுகிறது என்ற உறுத்தல் அங்கேயே எழுந்து, மீட்டெடுத்தல், பெறுதல் என்ற பொருளுள்ள வேறு சொற்களுக்கு மருத்துவர்கள் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். இந்தியாவின் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் 'அகற்றுதல்' என்ற பொருளுள்ள சொல்லைக் கையாண்டது. 2011-ல் செய்த திருத்தம், உறுப்புகளை எடுப்பதற்கான மையங்களுக்குப் பெயரிடும்போது 'ரிட்ரீவல்' என்ற சொல்லைத் தேர்ந்தது. ஆங்கிலமே கைவிட்டுவரும் ஒரு சொல்லைத் தமிழில் அதைவிடக் கூர்மையான கத்தியோடு நாம் கொண்டுவரத் தேவையில்லை. 'உறுப்புகள் தானமாகப் பெறப்பட்டன' என்று நான் அன்று திருத்தினேன்.

அறுவடை என்ற தமிழ்ச் சொல்லும் உருவகமாக வெளியே போகாமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'வாக்குகளை அறுவடை செய்தது' என்று அரசியல் கட்டுரைகளில் நாமே எழுதுகிறோம். அங்கே அது பொருந்துகிறது, ஏனென்றால் யாரோ முன்பு விதைத்தார்கள் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. சில சமயம் விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர் என்ற கேலியும் இருக்கிறது.

கடைசியாக உப்பு. ஆங்கிலத்தில் உப்பளத்திலிருந்து உப்பைச் சேர்ப்பதும் ஹார்வெஸ்ட்தான். பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, வெயிலுக்கு விட்டு, பருவம் பார்த்துச் செய்யும் வேலை என்பதால் அந்தச் சொல் அங்கே அழகாகவே உட்காருகிறது. ஒரு பயண நூலின் தமிழாக்கத்தில் 'தூத்துக்குடியில் பெண்கள் உப்பு அறுவடை செய்கிறார்கள்' என்ற வரிக்குப் பக்கத்தில், அந்த ஊரைச் சேர்ந்த மெய்ப்புப் பார்ப்பவர் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: 'வாருகிறார்கள்.'